பாவாடை நாடா விழும் இடம்

"வெளிய தெரியாத ஆபரேசனாப் பாத்துச் செய்யுங்க டாக்டர்" என்றார் அம்மா.

2012, ஜூலை மாதம். மதுரையில் ஒரு மருத்துவமனையின் அறுவைசிகிச்சைப் பிரிவு. அறையில் இருந்தவை மூன்று நாற்காலிகள். அப்பா, அண்ணன், அம்மா உட்கார்ந்தார்கள். அக்கா கதவோரம் நின்றாள். வெட்டியெடுக்கப்படப் போகிற குடலுக்குச் சொந்தக்காரியான நான், எடை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். டாக்டர் காகிதத்தில் குடலை வரைந்து அண்ணனிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். பிவிசி குழாய் இணைப்பைப் பற்றிக் கேட்பதுபோலவே தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

எனக்கு வயது 31. பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். ஒரு வரன் பேச்சு பாதியில் நின்றிருந்தது. அம்மா சொன்ன "வெளிய தெரியாத" என்பதன் பொருள் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது, டாக்டர் உட்பட. "கவலைப்படாதீங்கம்மா, பொண்ணுக்குப் பை எதுவும் தொங்காது" என்றார் அவர்.

அந்த இடத்துக்கு நான் எப்படி வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். பி.எட். படிக்கும்போது முதன்முதலில் மலத்தில் ரத்தம் பார்த்தேன். மாதவிலக்கு ரத்தத்தையே செய்தித்தாளில் சுற்றி மறைத்து வளர்ந்தவளுக்கு இன்னொரு ரத்தத்தை மறைப்பது கஷ்டமாக இல்லை. அம்மாவிடம் மட்டும் "மூலம் போல" என்று சொன்னேன். மூன்று வருஷம் கருணைக்கிழங்கும் துத்திக்கீரையும் சாப்பிட்டேன். விடுதியில் நாற்பது பெண்களுக்கு நான்கு கழிப்பறைகள். ஒருநாளைக்குப் பத்துத் தடவை போகிறவள் என்ன செய்வாள்? சாப்பாட்டைக் குறைப்பாள். நானும் அதைத்தான் செய்தேன். ஹீமோகுளோபின் 6க்கு இறங்கி வகுப்பில் கரும்பலகை முன்னால் விழுந்த பிறகுதான் பெயர் தெரிந்தது: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள்தோல் முழுக்கப் புண். உடம்பின் காவல் படையே உடம்பைத் தாக்குகிற நோய் வகையைச் சேர்ந்தது. மெசலமின் மாத்திரையும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். முகம் நிலாப்போல வீங்கியது. ஊரில் "டீச்சர் பூசுனாப்புல இருக்காங்க, நல்லது" என்றார்கள்.

இரண்டு வருஷம் கழித்து உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரிக்க ஆரம்பித்தது. தோலைக் கிழித்தாலும் தீராத அரிப்பு. ரத்தப் பரிசோதனையில் ஈரலின் அளவுகள் ஏறியிருந்தன. ஸ்கேன் எடுத்ததில் பித்தக்குழாய்கள் ஓரிடத்தில் சுருங்கி, ஓரிடத்தில் விரிந்து, கோத்த மணிமாலை போலத் தெரிந்தன. பிரைமரி ஸ்கிளிரோசிங் கொலாஞ்சைட்டிஸ் என்று பெயர். சுருக்கமாகப் பி.எஸ்.சி. பித்தக்குழாய்கள் அழற்சியால் தழும்பேறி அடைத்துக்கொண்டே போகும். பித்தம் தேங்கி, காலப்போக்கில் ஈரல் இறுகும். இந்த ஈரல் நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குடல் நோயும் இருக்கும். ஆனால் குடல் நோய் வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேருக்குத்தான் இந்த ஈரல் நோய் வரும். அந்த ஐந்தில் நான் ஒருத்தி. அதன் போக்கை நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை.

"குடிப்பழக்கம் உண்டா?" என்று ஸ்கேன் அறையில் கேட்டார்கள். என்னைக் கேட்கவில்லை, அப்பாவைக் கேட்டார்கள். தெருவிலும் அதே கேள்வி வேறு குரலில் வந்தது. "பொம்பளப் பிள்ளைக்கு ஈரல் எப்படிக் கெடும்?" ஈரல் என்றால் சாராயம் என்று நினைக்கிற ஊரில், என் கையெழுத்தைவிட என் ஒழுக்கத்தை அதிகம் பேர் ஆராய்ந்தார்கள்.

இந்த இரண்டு நோய்களும் சேரும்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. குடல் அமைதியாகிவிடும். புண் பெருங்குடல் முழுக்கப் பரவியிருந்தாலும் ரத்தப்போக்கும் வலியும் குறைவாக இருக்கும். ஆனால் குடல் புற்றுநோய் வரும் ஆபத்து, கொலைட்டிஸ் மட்டும் உள்ளவர்களைவிடப் பல மடங்கு கூடும். அதனால்தான் பி.எஸ்.சி. என்று தெரிந்த நாளிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி செய்யச் சொல்கிறார்கள். நான் நன்றாகத்தான் இருந்தேன். ஒருநாளைக்கு இரண்டு தடவைதான் போனேன், சோறு செரித்தது, எடை கூடியிருந்தது. அந்த வருஷக் கொலோனோஸ்கோப்பியில் எடுத்த சதைத்துணுக்குகளில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம், இரண்டு வெவ்வேறு இடங்களில். பெருங்குடலையும் மலக்குடலையும் முழுதாக எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அதனால் ஈரல் குணமாகுமா என்று கேட்டேன். ஆகாது. குடலை எடுத்தாலும் ஈரல் நோய் தன் பாட்டுக்குத் தன் வழியில் போகும்.

எடுத்த பிறகு என்ன செய்வது என்பதற்கு இரண்டு வழிகள். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்வது ஒன்று. அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து உள்ளேயே ஒரு பை போலாக்கி ஆசனவாயோடு இணைப்பது இன்னொன்று. 1978இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பார்க்ஸ், நிக்கல்ஸ் என்ற இருவர் விவரித்த முறை அது. பவுச் என்கிறார்கள். அக்கா இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டாள்: வெளிப்பை, உள்பை. எங்கள் வீட்டில் இன்றும் அப்படித்தான் சொல்கிறோம்.

அம்மாவும் டாக்டரும் பேசி முடித்தது உள்பையை.

அன்று சாயங்காலம் வார்டுக்கு ஒரு பயிற்சி மருத்துவர் வந்தார். என்னைவிடச் சின்னவர், மருத்துவ மேற்படிப்பு மாணவி. படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, "நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க டீச்சர்?" என்று கேட்டார். முந்தின மூன்று வாரங்களில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள். எனக்கு அழுகை வந்தது. பிறகு, கணக்கு டீச்சர் என்பதால், "நம்பர் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன்.

அடுத்த நாள் ஓர் ஆய்வுக் கட்டுரையின் நகலைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1996இல் வெளியிட்டது. உள்பை வைத்துக்கொண்டவர்களுக்கு அந்தப் பையே அழற்சியடைவதைப் பவுச்சைட்டிஸ் என்கிறார்கள். கொலைட்டிஸ் மட்டும் இருந்தவர்களில் பத்து வருஷத்துக்குள் அது வந்தவர்கள் 45.5 சதவீதம். கூடவே என்னுடைய ஈரல் நோயும் இருந்தவர்களில் 79 சதவீதம். அந்த 79ஐ நான் பென்சிலால் வட்டமிட்டேன். "இது ஒருதடவையாவது வர்றதுக்கான கணக்கு. ஆன்டிபயாட்டிக் குடுத்தா நிறையப் பேருக்குச் சரியாயிடும். வந்தவங்க எல்லாருக்கும் பவுச் கெட்டுப்போறதில்ல" என்று அவர் நியாயமாகச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். உங்கள் ஈரல் இப்போது தாக்குப்பிடிக்கிறது. பின்னால் அது இறுகினால், ஈரலுக்குள் போக முடியாத ரத்தம் திரும்பி வேறு வழி தேடும். வெளிப்பையின் வாயைச் சுற்றி ரத்தக்குழாய்கள் புடைத்து, உடைந்து கொட்டும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு உள்பையே மேல் என்று பல சர்ஜன்கள் நினைக்கிறார்கள்.

ஆக, பெரிய டாக்டர் சொன்னதற்கு மருத்துவக் காரணம் ஒன்று இருந்தது. அதை அவர் என் வீட்டாரிடம்கூடச் சொல்லவில்லை. "பொண்ணுக்குப் பை தொங்காது" என்பதே போதும் என்று நினைத்துவிட்டார். எனக்கு இன்றும் ஆறாதது இதுதான்.

நான் போட்ட கணக்கு இது. உள்பை வைத்தவர்கள் நன்றாக இருக்கும்போதே ஒருநாளைக்கு ஐந்தாறு தடவை போக வேண்டும், ராத்திரியிலும் ஒருமுறை. அழற்சி வந்தால் அதற்குமேல், அவசரமாக. எங்கள் பள்ளியில் பதினான்கு டீச்சர்களுக்கு ஒரே கழிப்பறை. தண்ணீர் மதியத்தோடு நின்றுவிடும். இரண்டு பஸ் மாறிப் போகிற வேலை. வெளிப்பை என்றால் அவசரம் கிடையாது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துகொள்ளலாம். பத்து வருஷம் இந்த நோயோடு கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தேடியே வாழ்ந்துவிட்டேன். இனியும் 79க்கு 21 என்று பந்தயம் கட்டத் தெம்பில்லை.

வெளிப்பை போதும் என்று சொன்னேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. "கட்டிக்கப் போறவன் கேட்டா என்னடி சொல்லுவ?" என்றார் மூன்றாம் நாள். அந்த வரன் அதற்குள் வேறு இடம் பார்த்துவிட்டது.

குழந்தைப்பேறு பற்றி அந்த அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் உணர்ந்தேன். உள்பை அறுவை செய்துகொண்ட பெண்களில் கருத்தரிக்க முடியாமல் போனவர்கள் 15 சதவீதத்திலிருந்து 48 சதவீதமாகக் கூடியதாக 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. இடுப்புக்குழிக்குள் கத்தி போவதால் கருக்குழாய்களைச் சுற்றித் தழும்பு ஒட்டிக்கொள்வது காரணம். வயிற்றைத் திறக்காமல் துளையிட்டுச் செய்யும்போது அந்த ஆபத்து குறைகிறது என்கிறார்கள். மலக்குடலை எடுத்ததால் எனக்கும் அது பொருந்தும். வெளிப்பை வைத்துக்கொண்டதால் தப்பித்தேன் என்று சொல்ல முடியாது. குழந்தை வேண்டும் என்று நான் ஏங்கியவள் இல்லை. ஆனால், கல்யாணச் சந்தையில் பை தெரியுமா தெரியாதா என்று அத்தனை நேரம் பேசியவர்கள், கருப்பை பக்கத்தில் கத்தி போகிறது என்பதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒன்றை யோசித்துப் பார்க்கிறேன். பி.எஸ்.சி. நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் ஆண்கள். ஆய்வுகளில் "அறுவைக்குப் பின் விளைவு" என்ற தலைப்பின் கீழ் எண்ணப்படுபவை தையல் கசிவு, சீழ், பவுச்சைட்டிஸ், மறு அறுவை, மரணம். எல்லாம் எண்ண வேண்டியவைதான். ஆனால் அந்தப் பட்டியலில் சேலை இல்லை.

அறுவைக்கு முந்தின நாள் வயிற்றில் மை வைத்து ஸ்டோமா வரவேண்டிய இடத்தைக் குறித்தார்கள். தொப்புளுக்குக் கீழே, வலப்பக்கம். பார்த்ததும் அக்கா, "அங்க வேண்டாம் சார்" என்றாள். அவள் டெய்லர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, அண்ணனுடைய கல்லூரிக்கும் என்னுடைய கல்லூரிக்கும் மெஷின் மிதித்தவள். குறித்தவர் பேண்ட் பெல்ட் கணக்கில் குறித்திருந்தார். அக்கா என் பையிலிருந்து உள்பாவாடையை எடுத்து, என்னை எழுப்பி நிறுத்தி, கட்டிக் காட்டினாள். நாடா சரியாக அந்த மைப்புள்ளியின் மேல் விழுந்தது. "இது மேல முடிச்சுப் போட்டு, கொசுவம் சொருகி, எட்டு மணி நேரம் நின்னு பாடம் நடத்துவா. வாய் அமுங்கிடாதா?" அவர் என்னை உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார், படுக்கச் சொன்னார். வயிற்றின் மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்தார். புள்ளி மூன்று விரல்கடை மேலே போனது. பதிமூன்று வருஷமாக நான் சேலை கட்டி வேலைக்குப் போகிறேன் என்றால் அந்த மூன்று விரல்கடைதான் காரணம். ஒரு டெய்லருக்குத் தெரிந்தது.

பிற்பாடு படித்தபோது, இந்தப் பையின் வரலாற்றிலும் ஓர் அக்காவும் தங்கையும் இருப்பதைக் கண்டேன். டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்ற நர்ஸ். அவருடைய தங்கை தோராவுக்குக் குடல் அறுவை நடந்து வயிற்றில் வாய் வைத்தார்கள். கசியும் என்ற பயத்தில் தோரா வீட்டைவிட்டு வெளியே போவதையே நிறுத்திவிட்டார். 1954இல் எலிஸ், தோலில் தானாக ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பை ஒன்றை யோசித்தார். அதைத் தயாரிக்க ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை முதலாளியைச் சம்மதிக்க வைத்தது, நர்ஸ் வேலை பார்த்திருந்த அவர் மனைவி. அமெரிக்காவில் நார்மா கில் என்ற பெண். எங்களைப்போல் கொலைட்டிஸ்காரி, வெளிப்பை வைத்தவர். 1958இல் அவருக்கு அறுவை செய்த டர்ன்புல் என்ற சர்ஜனே அவரைக் கிளீவ்லாந்து கிளினிக்கில் வேலைக்கு எடுத்து, மற்ற நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். ஸ்டோமா நர்சிங் என்ற துறையே அங்கிருந்து கிளம்பியதுதான். அக்காவிடம் சொன்னேன். "அப்ப அந்தம்மாவும் தங்கச்சிக்காகத்தான் செஞ்சிருக்கு" என்றாள், வாயில் குண்டூசியோடு. அவள் அப்போது ஜாக்கெட் துணி மிச்சத்தில் என் பைக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் தோலில் பட்டு வியர்த்துப் புண்ணாகாமல் இருக்க.

ஆறு வருஷம் நன்றாகப் போனது. கோடையில் தண்ணீர் நிறையப் போய் மயக்கம் வரும், உப்புக் கரைசலும் கஞ்சியும் குடித்துச் சமாளித்தேன். ஆறு வருஷமும் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு எதிலும் லீவு போடவில்லை. பிறகு வாயைச் சுற்றியிருந்த தோல் ஊதா நிறமாக மாறியது. பையின் பசை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

2018 மார்ச். பொதுத்தேர்வு நேரம். விடியற்காலை பை கனமாக இருப்பதுபோலத் தோன்றி விளக்கைப் போட்டேன். பை முழுக்க ரத்தம். நோய் தொடங்கியபோது பார்த்ததைப் போல இல்லை, குழாயைத் திறந்துவிட்டதுபோல. அக்காவை எழுப்பினேன். அவள் பையைப் பிய்த்தெடுத்து, எங்கிருந்து பீய்ச்சுகிறது என்று பார்த்து, மடித்த துணியை வைத்து இரண்டு விரலால் அழுத்தினாள். 108 வந்து, மதுரை போய்ச் சேர்ந்து, டாக்டர் கையைக் கொடுக்கும் வரை அந்த விரலை எடுக்கவில்லை. ஒன்றேகால் மணி நேரம். அதுதான் சரியான முதலுதவி என்று பிறகு சொன்னார்கள். அவளுக்கு அது தெரியாது. "ஊசி விரல்ல ஏறுனா அமுக்கத்தானே செய்வோம்" என்றாள்.

தையல் போட்டார்கள். மூன்று வாரத்தில் மறுபடி கொட்டியது. பிறகு உள்ளிருந்து அந்த ரத்தக்குழாயை அடைத்தார்கள். 2012இல் அந்தச் சின்ன டாக்டர் சொன்னது ஒவ்வொன்றாக நடந்துகொண்டிருந்தது. ஈரல் இறுகியிருந்தது. "அன்னைக்கே உள்பை வச்சிருந்தா இந்த ரத்தம் வந்திருக்காதுல்ல?" என்று அம்மா கேட்டார். வந்திருக்காதுதான். அந்த ஆறு வருஷமும் நான் அனுபவித்த மாதிரி இருந்திருக்குமா என்பதை அம்மாவுக்கு எப்படிக் கணக்குப் போட்டுக் காட்டுவது? தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டேனா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாத ராத்திரி இல்லை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் வருகிறது. ஆனால் கேட்பது நான், பதில் சொல்வதும் நான்.

இப்போது கண் மஞ்சளாகிவிட்டது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. ஈரல் மாற்று ஒன்றுதான் வழி. பெருங்குடலை முன்பே எடுத்துவிட்டதில் ஒரு நன்மை இருப்பதாகச் சொல்கிறார்கள். மாற்றிய ஈரலிலும் இந்த நோய் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் திரும்புகிறது. குடல் எடுக்கப்பட்டவர்களுக்கு அப்படித் திரும்புவது குறைவு என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாநில உறுப்பு மாற்றுப் பட்டியலில், மூளைச்சாவு அடைந்தவரின் ஈரலுக்காக என் பெயர் பதிவாகியிருக்கிறது. காத்திருக்க முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைத் தரலாம்.

ஆலோசகர் கேட்டார்: "வீட்ல அக்கா, தங்கச்சி யாராச்சும் இருக்காங்களா மேடம்?"

அண்ணன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அவனும் ஓ பாசிட்டிவ், என்னைப் போல. அவனைவிட அக்கா நான்கு வயது மூத்தவள். இந்தியாவில் உயிரோடு இருக்கும்போதே உறுப்பு தருகிறவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள், பெற்றுக்கொள்கிறவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள் என்கிற கணக்கை நான் பதினோராம் வகுப்பில் விகிதம் நடத்தும்போது சொல்வதுண்டு. பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், பிறகு சிரிக்க மாட்டார்கள். நான் வாங்குகிற பக்கம் நிற்கிற ஐந்தில் ஒருத்தி. ஆனால் கொடுக்கிற பக்கம் மாறவில்லை. "கடை இருக்கு, ரெண்டு பிள்ளைக படிக்குதுக" என்றான் அண்ணன் தரையைப் பார்த்து. பொய் சொல்லவில்லை. அக்காவுக்கும் மெஷின் இருக்கிறது, ஒரு பிள்ளை படிக்கிறது. அதை யாரும் சொல்லவில்லை.

"நான் குடுக்கிறேன், இதுல என்ன" என்று அக்கா சொல்லி நான்கு மாதம் ஆகிறது. வேண்டாம் என்று நானும் நான்கு மாதமாகச் சொல்கிறேன். என் கல்லூரிக்கு மிதித்த கால், என் ரத்தத்தை அமுக்கிய விரல், இனி ஈரலுமா? முதலில் அண்ணனுக்குப் பரிசோதனை செய்யட்டும், அவனுக்குப் பொருந்தாவிட்டால் பேசுவோம் என்பது என் கட்சி. "அவன்கிட்ட கெஞ்சி வாங்குறதுக்கு எங்கிட்ட உரிமையா வாங்கு" என்பது அவள் கட்சி. அத்தான் இரண்டு பேருக்கும் நடுவில் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறார். உன் முடிவை நீதான் எடுப்பேன் என்று அன்றைக்குப் பிடிவாதம் பிடித்தாயே, என் ஈரலை என்ன செய்வது என்று முடிவெடுக்க எனக்கு மட்டும் உரிமை இல்லையா என்று போன வாரம் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

நேற்று வந்திருந்தாள். வயிறு நீரால் பெருத்ததில் பழைய உறைகள் எதுவும் பொருந்தவில்லை, பாவாடை நாடாவும் இடம் மாறிவிட்டது. கழுத்தில் டேப்போடு என்னை ஜன்னல் பக்கம் நிறுத்தினாள். அண்ணன் புதன்கிழமை ரத்தம் கொடுக்க வருவதாகப் போனில் சொன்னானாம். வருவானா என்று கேட்டேன்.

"மூச்சை இழுத்துப் பிடிக்காத, அளவு தப்பா வரும்" என்றாள்.